'கேர்' (care) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல்: பேணலா, ஓம்பலா?

அன்புடையீர், வணக்கம்.
பேரழிவுக்குப் பிந்தைய புனைவுகளில் இயற்கையும் பாலினமும் குறித்த கட்டுரையொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அடுத்த வாரம் அச்சுக்குப் போகவேண்டும். 'கேர்' என்ற கருத்தே அதன் அச்சாணி. முதன்மைச் சான்று, மார்லன் ஹௌஸ்ஹோஃபர் 1963இல் எழுதிய 'சுவர்' நாவல். கண்ணுக்குத் தெரியாத சுவர் உலகிலிருந்து பிரித்துவிட, மலைக்காட்டில் தனித்து நிற்கும் பெண்ணொருத்தி பசுவைக் கறக்கிறாள், புல் அறுத்துச் சேர்க்கிறாள், உருளைக்கிழங்கு பயிரிடுகிறாள். 'பராமரிப்பு' என்றால் சாலையும் இயந்திரமும் நினைவுக்கு வருகின்றன. 'அக்கறை' மனத்தளவில் நின்றுவிடுகிறது, கைகளின் உழைப்பைச் சொல்வதில்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

———

'பேணல்' என்க. "பிணையும் பேணும் பெட்பின் பொருள" என்பது தொல்காப்பிய உரியியல்; பெட்பு என்றால் விருப்பம். விரும்புதலும் காத்தலும் ஒரே சொல்லில் அமைந்த அருமை வேறெதற்கும் இல்லை. பெட்பு, பேண், பெண் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. பாலினம் பேசும் கட்டுரைக்கு இதனினும் பொருந்தும் சொல் கிடைக்காது. 'பராமரிப்பு' வடசொல், தள்ளுக.

———

ஐயா, அந்த வேருறவே என்னைத் தயங்கவைக்கிறது. பேணுவது பெண்ணின் இயல்பு என்பதைத்தானே இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது? "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்று புறநானூறு (312) வகுத்த வேலைப்பிரிவினை, கார்மக் மெக்கார்த்தியின் 2006ஆம் ஆண்டு நாவலான 'தி ரோட்'டில் செல்லுபடியாகாது. சாம்பல் படிந்த நாட்டில் மகனுக்கு உணவு தேடுவதும் குளிர்நீரில் அவன் தலைமுடியைக் கழுவிவிடுவதும் தந்தையே. ஆகவே 'ஓம்பல்' என்பேன். "பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்" என்ற குறளில் ஓம்புவோர் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. பசுவும் பயிரும் பல்லுயிருள் அடங்கும்.

———

'ஓம்பல்' மாணவர்க்கு விருந்தோம்பலை மட்டுமே நினைவூட்டும். "அல்லது செய்தல் ஓம்புமின்" (புறம் 195) என்னும் இடத்தில் அதற்குத் தவிர்த்தல் என்றும் பொருள் உண்டே! படிப்பவருக்கு விளங்காத தூய்மையால் பயனில்லை. 'பேணல்' போதும்.

———

அனைவர்க்கும் நன்றி. பெரும்பாலோர் கருத்துப்படி 'பேணல்' என்றே அனுப்புகிறேன்.

———

'ஓம்பல்' என்று சொன்ன என் மறுப்பு அப்படியே நிற்கிறது. 'பேணல்' அச்சேறினாலும், மூலத்தில் பால் சுட்டாத இடங்களில் 'பேணுபவள்' என்று எழுதிவிடாமல் 'பேணுவோர்' என்றே எழுதுமாறு மொழிபெயர்ப்பாளரை வேண்டுகிறேன்.