வாடைக்காலத் தனுஷ்கோடியைப் படம்பிடிக்க ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆடி மாதம் தனுஷ்கோடியின் நிலமுனையான அரிச்சல்முனைக்குச் சென்றிருந்தபோது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலைகள் சீறிக்கொண்டிருக்க, சாலையின் மறுபுறம் பாக் விரிகுடா குளத்து நீர்போல அசையாமல் கிடந்தது. முன்னதை ஆண் கடல் என்றும் பின்னதைப் பெண் கடல் என்றும் மீனவர்கள் அழைப்பதன் பொருத்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆனால், பறந்து வந்த மணல் லென்ஸில் படிந்து, எடுத்த படங்களில் பெரும்பாலானவை கெட்டுவிட்டன.

வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் வடபுறமுள்ள பாக் விரிகுடா கொந்தளிக்கும் என்பதால், வரும் கார்த்திகையில் மீண்டும் சென்று, 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் பின்னே மழைமேகம் திரள்வதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அந்த ஒளி சில நிமிடங்களே நிற்கும். ஆகவே முன்கூட்டியே கேட்கிறேன்.

மழை நாள்களில் அதிகாலையில் தனுஷ்கோடிச் சாலையில் வாகனங்களை அனுமதிக்கிறார்களா? உப்புக்காற்றிலிருந்து கேமராவைக் காக்க நீங்கள் கையாளும் முறை என்ன? முக்காலி மணலில் புதையாமல் நிறுத்த வழியுண்டா? அங்கே குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்களை அவர்களது இசைவின்றிப் படமெடுக்க எனக்கு மனமில்லை. அவர்களிடம் அறிமுகமுள்ள ராமேஸ்வரத்து அன்பர்கள் எவரேனும் உடன் வர இயலுமானால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.