தொண்டி முதல் சாயல்குடி வரை காரில்: பயணப் பதிவை வழியிலேயே எழுதுவதா, வீட்டுக்கு வந்தா?

மதுரை_வண்டி:
வணக்கம். பொங்கல் லீவில் நானும் தம்பியும் தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், பாம்பன், தனுஷ்கோடி போய், திரும்பும்போது கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாக வருவதாகத் திட்டம். அன்றன்றைக்குள்ளதை அன்றன்று ராத்திரியே வலைப்பூவில் போட்டுவிட ஆசை. நாள் முழுக்க ஓட்டிவிட்டு லாட்ஜில் உட்கார்ந்து எழுத உடம்பு ஒத்துழைக்குமா? லேப்டாப் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? அந்தப் பக்கம் சிக்னல் எப்படி?

உப்புக்காத்து:
லேப்டாப் வேண்டாம், போன் போதும். ராமேஸ்வரம் ஊருக்குள் சிக்னலுக்குக் குறைவில்லை. தனுஷ்கோடி தாண்டி ரோடு முடியும் அரிச்சல்முனையை நெருங்கும்போது சில சமயம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலத்துக்கு மேல் அங்கே வண்டியை விடமாட்டார்கள், அதனால் காலையிலேயே போவது நல்லது. ட்ரோன் எடுத்து வராதீர்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, வீண் வம்பு. அப்புறம் லென்ஸில் மணலும் உப்பும் படியும், சட்டை நுனியால் தேய்த்தால் கீறல்தான், முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள்.

பனைமரத்தடி:
எழுதுவதை ராத்திரிக்கு வைக்காதீர்கள் தம்பி. ஒரு இடத்தை விட்டுக் கிளம்பியதும், பக்கத்தில் இருப்பவர் போனில் பேசிப் பதிவு செய்யட்டும், ரெண்டு நிமிஷம் போதும்: யாரிடம் பேசினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள். பாம்பன் என்றால் 1914-இல் ரயில் பாலம், 1964 புயல், 1988-இல் சாலைப் பாலம் என்று எல்லோரும் எழுதும் அதே நாலு வரியை வீட்டிலிருந்தே எழுதிவிடலாம், அதற்கு டீசல் செலவு எதற்கு? பழைய ரயில் பாலம் கப்பலுக்காக ரெண்டு பக்கமும் பிளந்து எழுந்துகொண்டிருந்தது, 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. நேரம் வாய்த்து அதைப் பார்த்தால், சுற்றி நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள், அதைத்தான் நான் வந்து படிப்பேன்.

ஒன்று மட்டும் கவனம். பாம்பன் பக்கம் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். படம் அருமையாக வரும். ஆனால் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே பாசி எடுக்கத் தடை. முகமும் இடமும் தெரிகிற மாதிரி படம் போட்டால் வனத்துறையிடம் மாட்டப்போவது நீங்கள் இல்லை, அவர்கள். கேட்காமல் எடுக்காதீர்கள், கேட்டு எடுத்தாலும் இடத்தைச் சொல்லாதீர்கள்.

ஏர்வாடி_ரோடு:
பனைமரத்தடி அண்ணே சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் அது நடக்காது, எத்தனை வலைப்பூ முதல் பாகத்தோடு நிற்கிறது பாருங்கள். தினமும் பத்து வரி, ரெண்டு படம் போட்டுவிடுங்கள். ஆனால் நேற்று நின்ற ஊரை இன்று போடுங்கள், தங்கியிருக்கும் லாட்ஜை அப்போதே ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

மதுரை_வண்டி:
நல்லது. பத்து வரி, ஒரு நாள் தள்ளி. பேசுவதைத் தம்பியிடம் விட்டுவிடுகிறேன், அவன் எப்படியும் வாய் மூடமாட்டான். கீழக்கரையில் என்ன விடக்கூடாது?

உப்புக்காத்து:
தொதல் என்ற இனிப்பு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டு மணிக்கணக்கில் கிண்டுவார்கள், கையில் எடுத்தால் எண்ணெய் மினுங்கும். சீக்கிரம் கெட்டுப்போகாது, வீட்டுக்கும் சேர்த்து வாங்குங்கள்.