வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுத்தால் பார் கவுன்சிலில் புகார் செய்வது எப்படி?

கெடிலக்கரை:
அக்காவின் பாகப்பிரிவினை வழக்கு புதுச்சேரி கோர்ட்டில் நடக்கிறது. நிலம் பாகூர் பக்கம், நாங்கள் இருப்பது கடலூர் முதுநகர். வக்கீலை மாற்றலாம் என்றால், பாக்கி ஃபீஸைக் கட்டினால்தான் கட்டு கிடைக்கும் என்கிறார். அசல் கிரயப் பத்திரமும் அவரிடம். வாய்தா நெருங்குகிறது. புகாரைப் புதுச்சேரியில் கொடுப்பதா, சென்னையிலா? வக்கீல் சங்கத்தில் சொன்னால் போதுமா?

மஞ்சக்குப்பம் வாசகர்:
சென்னை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஒன்றுதான், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. உள்ளூர்ச் சங்கம் பேசித் தீர்த்து வைக்கலாம், ஆனால் சன்னத்தில் (வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமத்தில்) கை வைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி உண்மையாகவே இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கட்டும்.

பாகூர் ஏரி:
புகாருக்கு முன்னால் வாய்தாவைக் கவனியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். புகார் கொடுத்தாயிற்று என்று வீட்டில் இருந்துவிடுவார்கள், வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும் (உங்கள் தரப்பைக் கேட்காமலேயே முடிவாகிவிடும்), அல்லது தள்ளுபடியாகும். பார் கவுன்சில் உங்கள் வழக்கை நடத்தாது.

புது வக்கீல் பழையவரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கவேண்டும். அவர் மறுத்தால் பழைய வக்காலத்தை (வக்கீலுக்கு அக்கா எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை) ரத்து செய்ய அனுமதி கேட்டு அதே கோர்ட்டில் மனு போடுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 3, விதி 4. வாய்தா அன்று அக்கா நேரில் ஆஜராகட்டும். கட்டு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: பிராது, எதிருரை, உத்தரவுகளுக்கு நகல் மனு போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும். வழக்கு நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டுப் பாருங்கள். அசல் பத்திரம் ஏற்கெனவே கோர்ட்டில் தாக்கலாகியிருந்தால் அது வக்கீலிடம் இருக்காது. ஆவணப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் குற்றம் சாட்டுங்கள்.

கெடிலக்கரை:
நன்றி ஐயா. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? கொடுத்த பணம் எல்லாம் ஜிபேயில்தான்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

புகார், வழக்கறிஞர் சட்டம் 1961-இன் பிரிவு 35-இன் கீழ். தமிழிலேயே எழுதலாம். மனு வடிவில், கையெழுத்தும் உறுதிமொழியும் இருக்கவேண்டும், குறித்த கட்டணம் உண்டு. வக்கீலின் பதிவு எண் வக்காலத்தில் இருக்கும். அதற்கு முன் கட்டையும் பத்திரத்தையும் பெயர், எண், தேதியோடு பட்டியலிட்டுத் திருப்பிக் கேட்டு, ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையுடன் ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்தக் கடிதம்தான் பிறகு புகாருக்கு முதுகெலும்பு. ஜிபே பதிவுகளில் எது ஃபீஸ், எது கோர்ட் கட்டணத்துக்குக் கொடுத்தது என்று பிரித்துக் காட்டுங்கள். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைப்பது வக்கீலின் கடமை, பார் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது.

முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால் 3 பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். கண்டனம், தற்காலிகத் தடை, பெயர் நீக்கம், இவைதான் தண்டனை. ஓராண்டுக்குள் முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். குழுவின் உத்தரவு பிடிக்காவிட்டால் இந்திய பார் கவுன்சிலிலேயே 60 நாளுக்குள் அப்பீல்.

பாகூர் ஏரி:
ஒன்று சேர்க்கிறேன். புகாரை மிரட்டலுக்காகக் கொடுத்துவிட்டு, கட்டு கிடைத்ததும் வாபஸ் வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சமரசமாகிவிட்டது என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்பது விதி. ‘வழக்கில் தோற்க வைத்தார்’ என்பதையெல்லாம் கலக்காமல், கட்டைத் தர மறுத்ததை மட்டும் தேதியோடு எழுதுங்கள்.