கவர் நோட்டைக் காட்டியும் தொழிற்சாலை ஏற்கவில்லை: சரக்கு ஒப்பந்தத்துக்கு எந்தக் காப்புறுதி ஆவணம் தேவை?

பிறை_லோரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையில் நான்கு லோரிகளை வைத்துச் சரக்கு ஏற்றும் தொழில் செய்து வருகிறேன். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலை, அங்கிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வாரம் மூன்று நடை ஏற்றும் ஓராண்டு ஒப்பந்தத்தை எனக்குத் தருவதாக இருக்கிறது. கையெழுத்திடுவதற்கு முன் காப்புறுதிச் சான்று கேட்டார்கள். நான்கு லோரிகளின் மோட்டார் காப்புறுதிக்குச் சான்றான கவர் நோட்டுகளையும் சாலை வரிப் பிரதிகளையும் அனுப்பி வைத்தேன். மறுநாளே அவை திரும்பி வந்துவிட்டன.

அவர்களுடைய கடிதத்தில் இருப்பது இதுதான்: ஒரு நடைக்கு 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சரக்குக் காப்புறுதி இருக்க வேண்டும், 10 லட்சம் வெள்ளிக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்க வேண்டும், பாலிசியில் அவர்களுடைய பெயரையும் கூடுதல் காப்புறுதிதாரராகச் சேர்க்க வேண்டும், அவர்கள்மீது சப்ரோகேஷன் உரிமையை (கொடுத்த இழப்பீட்டைத் திருப்பிக் கேட்கும் உரிமையை) கைவிட வேண்டும், பாலிசி ரத்தானால் 30 நாட்களுக்கு முன் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். இவை அனைத்தும் காப்புறுதி நிறுவனமே வழங்கிய சான்றிதழில் இருக்க வேண்டுமாம்.

என் முகவரைக் கேட்டால், "நான்கும் ஃபர்ஸ்ட் பார்ட்டி பாலிசி, எல்லாம் அதிலேயே அடங்கிவிடும், நானே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்" என்கிறார். அடுத்த மாதம் முதல் தேதி வேலை தொடங்க வேண்டும். இன்னும் 12 நாட்களே உள்ளன. கடந்த ஆண்டுதான் என்டர்பிரைஸாக இருந்த தொழிலைச் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக மாற்றினேன். லோரி போதாத நாட்களில் சுங்கை பட்டாணியில் உள்ள நண்பரின் லோரியையும் அழைத்துக்கொள்வதுண்டு. இவற்றால் ஏதேனும் சிக்கல் வருமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான்_முகவர் எழுதியது:

வணக்கம் ஐயா. நானும் காப்புறுதி முகவர்தான். உங்கள் முகவர் சொன்னது தவறு என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்துவது, உங்கள் லோரியால் மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதியை மட்டும்தான். நீங்கள் கூடுதலாகப் பணம் கட்டி ஃபர்ஸ்ட் பார்ட்டி என்னும் முழுக் காப்புறுதி எடுத்திருப்பதால் உங்கள் லோரியின் சேதமும், நீங்கள் மோதிய அடுத்தவர் வாகனத்தின் சேதமும் அதில் சேரும். ஆனால் லோரியின் முதுகில் ஏற்றியிருக்கும் சரக்கு உங்கள் பொறுப்பில் இருக்கும் பொருள். அதை மோட்டார் பாலிசி வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் என்ற பகுதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அந்த வரி அங்கே இருக்கும்.

ஆகவே நீங்கள் தனியாக வாங்க வேண்டியது வழிப்பயணச் சரக்குக் காப்புறுதி. எங்கள் தொழிலில் ஜிஐடி என்று சுருக்கமாகச் சொல்வோம். பொதுப் பொறுப்புக் காப்புறுதி அதிலிருந்து வேறானது. சரக்கை இறக்கும்போது பாலெட் சரிந்து தொழிற்சாலையின் ஷட்டர் கதவு நசுங்கினாலோ பக்கத்தில் நின்றவர் காலில் விழுந்தாலோ, அதற்கான கோரிக்கை இந்தப் பாலிசியில்தான் வரும்.

உங்கள் முகவர் எழுதித் தருவதாகச் சொன்ன கடிதத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். காப்புறுதி நிறுவனம் அதிகாரம் அளிக்காத ஒரு வாக்குறுதி முகவரின் தாளில் இருந்தால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று நம்ப முடியாது. நாளை ஒரு விபத்து நடந்தால், இல்லாத காப்புறுதியை இருப்பதாகக் காட்டியவர் நீங்கள் என்றுதான் தொழிற்சாலை சொல்லும்.

பெயர் மாற்றம்தான் இதைவிட அவசரமான விஷயம். ஒப்பந்தம் பெர்ஹாட் நிறுவனத்தின் பெயரிலும் பாலிசி பழைய என்டர்பிரைஸின் பெயரிலும் இருந்தால், சட்டத்தின் பார்வையில் அவை இரு வெவ்வேறு ஆட்கள். லோரிப் பதிவு அட்டை, சரக்கு வாகன உரிமம், பாலிசி, ஒப்பந்தம் ஆகிய நான்கிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உரிமம் வேறொருவர் பெயரில் இருந்தால் அதையும் மறைக்காமல் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வணிகப் பாலிசிகளில், கேட்காவிட்டாலும் முக்கியமானவற்றைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.

பட்டர்வொர்த்_மூத்தவர் எழுதியது:

தம்பி, கிள்ளான்காரர் சொன்னதெல்லாம் சரி. நான் பட்டறிந்த ஒன்றையும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இப்படித்தான் ஒரு வாடிக்கையாளர் சான்றிதழ் கேட்டார். ஜிஐடி பாலிசி எடுத்தேன், சான்றிதழ் வந்தது, அவர்களுடைய கோப்பில் அழகாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பிரிமியத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நானும் அந்த மாதம் இரண்டு லோரிகளுக்கு டயர் மாற்றிய செலவில் தள்ளிப்போட்டேன். பாலிசி தொடங்கிய 65ஆம் நாள், மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி இறக்கத்தில் லோரி கவிழ்ந்து தாள் உருளைகள் சாலையெல்லாம் ஓடின. சான்றிதழில் ஆண்டு முடியும்வரை காப்புறுதி உண்டு என்று எழுதியிருந்தது. நிறுவனம் 60 நாள் விதியைக் காட்டிக் கோரிக்கையை மறுத்துவிட்டது.

அந்த விதி இங்கே மோட்டார் அல்லாத பொதுக் காப்புறுதிப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். தொடக்க நாளிலிருந்து 60 நாட்களுக்குள் பிரிமியம் கட்டப்படாவிட்டால் பாலிசி தானாகவே ரத்தாகிவிடும். கழிந்த நாட்களுக்குரிய பிரிமியத்தையும் நீ கொடுத்தாக வேண்டும். மோட்டார் பாலிசிக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் அங்கே பணம் கட்டினால்தான் காப்பே தொடங்கும். ஆகவே லோரிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு பழக்கமில்லாமல் போய்விடுகிறது. அந்தச் சரக்கின் இழப்பை நானே தவணை தவணையாக 80,000 வெள்ளிக்கு மேல் கட்டி முடித்தேன்.

பிரிமியத்தை அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் கட்டினால் நிறுவனத்திடம் கட்டியதாகவே கணக்கு. இருந்தாலும் ரசீதை வாங்கிச் சான்றிதழோடு சேர்த்தே வைத்துக்கொள். ரசீது இல்லாத சான்றிதழ் வெறும் தாள்தான்.

பிறை_லோரி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அண்ணன் சொன்ன 60 நாள் விதி எனக்கு இதுவரை தெரியாது. பாலிசிகளை எடுத்துப் பார்த்தேன்: இரண்டு லோரிகள் இன்னும் என்டர்பிரைஸின் பெயரில்தான் இருக்கின்றன. இன்னொரு கேள்வி. ஒப்பந்த வரைவின் 9ஆம் பிரிவில், "எந்தக் காரணத்தால் சரக்கு சேதமுற்றாலும் போக்குவரத்தாளர் முழு மதிப்பையும் ஈடுசெய்வார்" என்று இருக்கிறது. காப்புறுதி எடுத்துவிட்டால் இதற்கும் சேர்த்துக் காப்பு கிடைத்துவிடும்தானே?

பாயான்_ஆவணப்பிரிவு எழுதியது:

கிடைக்காது. நான் ஒரு தொழிற்சாலையில் போக்குவரத்தாளர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில் பணியாற்றுகிறேன் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன்.

போக்குவரத்தாளர் எடுக்கும் பாலிசி பெரும்பாலும் சட்டப்படி அவருக்குள்ள பொறுப்பை மட்டுமே ஏற்கும். அடுத்தவர் பொருளைப் பாதுகாக்க ஒப்புக்கொண்டவர், ஒரு விவேகமுள்ள மனிதர் தம் பொருளைப் பார்த்துக்கொள்வதைப்போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் அளவுகோல். "எந்தக் காரணத்தால் சேதமுற்றாலும்" என்று நீங்களாகவே கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த அளவுகோலைத் தாண்டி நீங்களே சுமந்துகொண்ட கூடுதல் பொறுப்பு அது. ஒப்பந்தத்தால் மட்டும் உண்டாகும் பொறுப்பைப் பாலிசி பொதுவாக விலக்கிவைக்கும். வெள்ளத்தில் சரக்கு நனைந்தால் தொழிற்சாலை 9ஆம் பிரிவைக் காட்டி உங்களிடம் கேட்கும், காப்புறுதி நிறுவனமோ "உங்கள் கவனக்குறைவு எங்கே?" என்று கேட்கும். இடையில் நிற்பவர் நீங்கள். "கவனக்குறைவால் ஏற்படும் சேதத்துக்கு, ஒரு நடைக்கு 500,000 வெள்ளி வரை" என்று அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள். எங்கள் பிரிவில் இப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு; நியாயமாகக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை.

அடுத்து சப்ரோகேஷன். காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, சேதத்துக்குக் காரணமானவரிடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அது. உங்கள் காப்புறுதி நிறுவனம் தொழிற்சாலையிடம் கேட்கக் கூடாது என்பது அவர்களுடைய கோரிக்கை. ஆனால் அவர்களுடைய சரக்குக்கு அவர்களே கடல் மற்றும் தரைவழிச் சரக்குக் காப்புறுதி எடுத்திருப்பார்கள். அந்தக் காப்புறுதி நிறுவனம் அவர்களுக்குப் பணம் கொடுத்தபின் உங்களிடம் வந்து கேட்பதை இந்தக் கோரிக்கை தடுக்காது. உண்மையில் லோரிக்காரருக்கு வரும் வக்கீல் கடிதங்களில் பல இப்படிப்பட்ட நிறுவனங்களிடமிருந்து வருபவைதான். எனவே, "எங்கள் பக்கம் நாங்கள் கைவிடுகிறோம், உங்கள் சரக்குக் காப்புறுதி நிறுவனமும் எங்கள்மீது கைவிடுமா?" என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், உங்கள் ஜிஐடி வரம்பு எவ்வளவு முக்கியம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சான்றிதழில் எங்கள் பெயர் "பெறுநர்" என்ற கட்டத்தில் மட்டும் இருந்தால் எனக்குப் பயனில்லை. பல சான்றிதழ்களின் அடியில், இது தகவலுக்காக மட்டுமே, எந்த உரிமையும் தராது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கூடுதல் காப்புறுதிதாரராகப் பெயர் சேர்த்ததற்கும் 30 நாள் அறிவிப்புக்கும் உரிய எண்டோர்ஸ்மெண்ட் பக்கங்களை (பாலிசியில் செய்த மாற்றத்தைப் பதிவுசெய்யும் இணைப்புகளை)த் தனியாகக் கேட்டு இணையுங்கள். நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

கிள்ளான்_முகவர் எழுதியது:

ஆவணப்பிரிவு நண்பர் சொன்னதோடு ஒன்று மட்டும். ஆள் இல்லாமல் நிறுத்திய லோரியிலிருந்து சரக்குத் திருட்டுப் போனால் பல ஜிஐடி பாலிசிகள் ஏற்காது. தாப்பாவில் ஓட்டுநர் தேநீர் குடிக்க இறங்கும் 20 நிமிடமும் இதில் அடங்கும். மின்னணுச் சரக்கு என்பதால் இந்த விலக்கைத் தளர்த்த முடியுமா என்று விலை கேட்கும்போதே கேளுங்கள். நண்பரின் லோரியும் பட்டியலில் இல்லாவிட்டால் காப்பு இருக்காது.

பட்டர்வொர்த்_மூத்தவர் எழுதியது:

பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. துணை ஒப்பந்த லோரி என்றால் நண்பருக்கென்று தனி ஜிஐடி இருக்க வேண்டும். அவருடைய சான்றிதழை நீ வாங்கி வைக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு அவரைக் கூப்பிடாமல் சமாளித்துப் பார், தம்பி.

பிறை_லோரி எழுதியது:

அன்பர்களுக்கு நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வேறொரு முகவர் வழியாக நேரடியாகக் காப்புறுதி நிறுவனத்தின் கிளைக்குச் சென்றேன். இரண்டு லோரிகளின் உரிமை மாற்றத்தைத் தொடங்கிவிட்டேன். அது முடியும்வரை அந்த இரண்டையும் இந்த வேலைக்கு அனுப்புவதில்லை என்று தொழிற்சாலையிடம் எழுத்தில் கொடுத்தேன். அவர்கள் வாரம் இரண்டு நடையாகக் குறைத்துத் தொடங்க ஒப்புக்கொண்டார்கள். 9ஆம் பிரிவில் "கவனக்குறைவால்" என்ற சொல்லைச் சேர்த்தார்கள், வரம்பையும் 500,000 வெள்ளியாக வைத்தார்கள். அவர்களுடைய காப்புறுதி நிறுவனம் சப்ரோகேஷனைக் கைவிட மறுத்துவிட்டது. ஆவணப்பிரிவு அண்ணன் சொன்னதுபோல, மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜிஐடி, பொதுப் பொறுப்பு இரண்டுக்கும் பிரிமியத்தோடு 8 விழுக்காடு சேவை வரியும் பாலிசிக்கு 10 வெள்ளி முத்திரைத் தீர்வையும் சேர்த்து முதல் நாளே கட்டி ரசீது வாங்கிவிட்டேன். நண்பரிடம் அவருடைய ஜிஐடி சான்றிதழைக் கேட்டேன். அவரிடமும் கவர் நோட்டுதான் இருக்கிறது. இந்த இழையை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை சான்றிதழ் வந்தது. இரண்டாவது லோரியின் பதிவு எண்ணில் கடைசி இலக்கம் 6 என்பதற்குப் பதிலாக 8 என்று அச்சாகியிருந்தது. திருத்தக் கேட்டு உடனே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அது வரும்வரை முதல் லோரி மட்டும்தான் ஓடும்.