புல்லுமலைப் பக்கம் எஃப்எம் எடுக்குதில்ல: றேடியோ பழுதா, மலை மறைக்குதா?

படுவான்கரை_றிப்பெயர்:

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டம் கரடியனாற்றுப் பக்கம் றேடியோ, டீவி திருத்துற கடை வைச்சிருக்கன். கொஞ்ச நாளா புல்லுமலைப் பக்கத்து ஆக்கள் ஆளுக்கொரு றேடியோவத் தூக்கிக்கொண்டு வாறாங்க. "தம்பி, ஒரே இரைச்சல், பேச்சே விளங்குதில்ல" எண்டு சொல்றாங்க. என்ட மேசையில வைச்சுப் போட்டா எல்லாம் பளிச்செண்டு பாடுது. கழட்டிப் பாத்தாலும் ஒரு பழுதும் இல்ல. காசு வாங்காமத் திருப்பி அனுப்பிறன், நான் திருத்தத் தெரியாதவன் எண்டு ஊருக்குள்ள பேர் வந்ததுதான் மிச்சம்.

விசாரிச்சா விசயம் இதுதான். அவங்க கேக்கிற பொது வானொலியிட அஞ்சல் கோபுரம் (நிகழ்ச்சிய வாங்கித் திருப்பி விடுற கோபுரம்) முந்தி மேற்கால மலையில இருந்தது. ஏற ரோட்டும் இல்ல, கரண்டும் ஒழுங்கில்ல, மின்னல் வேற. அதால கரையோரக் கோபுரம் ஒண்டுக்கு மாத்திப் போட்டாங்களாம். அலைவரிசை எண் அதேதான், வலு கூட்டியிருக்கு எண்டும் சொல்றாங்க. பிறகு ஏன் எடுக்குதில்ல? இதில வேடிக்கை, ராவு பத்து மணிக்குப் பிறகு கடலுக்கு அங்கால இந்தியாவில உள்ள காரைக்கால் வானொலி எடுக்குதாம்.

மாரியில உன்னிச்சைக்குளத்து வான்கதவு திறக்கிற அறிவித்தல அவங்க றேடியோவிலதான் கேக்கிற. அதால சும்மா விட ஏலாது. வீட்டுக்கு ஏரியல் போட்டுச் சரிக்கட்டலாமா? ஊர்ப் பொடியன்மார் ஒன்லைன்ல சின்ன டிரான்ஸ்மிட்டர் வாங்கிக் கல்லுமலை உச்சியில வைக்கப் போறம் எண்டு நிக்கிறாங்க. அது சரிவருமா?

அலைக்கிறுக்கன்:

அண்ணன், வலுவ விடுங்க, உயரத்தப் பாருங்க. வலுவ இரண்டு மடங்காக்கினாலும் கூடுறது வெறும் 3 டெசிபெல், பெரிய வித்தியாசமில்ல. எஃப்எம் அலை மூண்டு மீற்றர் நீளம், மத்திய அலை மாதிரி மேடு பள்ளத்தோட தவண்டு போகாது. கோபுர உயரத்த மீற்றர்ல எடுத்து, அதிட வர்க்கமூலத்த 4.12 ஆல பெருக்கினா அலை எட்டுற தூரம் கிலோமீற்றர்ல வரும். 60 மீற்றர் கோபுரத்துக்கு 32. கூரைக்கு மேல 9 மீற்றர் கம்பத்தில ஏரியல் கட்டினா இன்னும் 12 சேரும். குசினி மேசையில கிடக்கிற றேடியோவுக்கு அஞ்சுதான். உதாரணத்துக்கு, பதுளைப் பக்கத்து நமுனுகுல உச்சி 2036 மீற்றர், அங்கயிருந்து கணக்குப் பாத்தா 186 கிலோமீற்றர். பழைய மலைக் கோபுரம் ஏன் நல்லா எடுத்ததெண்டு இப்ப விளங்கும்.

ஆனா இது வெறும் வெளிக்குச் சொல்ற கணக்கு. இடையில குன்று நிண்டா வேற கதை. அதோட, கண்ணுக்குக் கோபுரம் தெரிஞ்சாப் போதும் எண்டில்ல. 30 கிலோமீற்றர் பாதையில நடுவில அலைக்கு 150 மீற்றர் ஆரத்தில ஒரு வட்டம் வேணும், அந்த ஆரத்தில அறுபது வீதமாவது மறைப்பில்லாமக் கிடக்கோணும். ரேடியோ மொபைல் எண்டு இலவச மென்பொருள் ஒண்டு இரிக்கு. கோபுரம் நிக்கிற இடத்தையும் ஊரையும் குடுத்தா இடையில உள்ள மேட்டக் கீறிக் காட்டும்.

காரைக்கால் விசயத்தில அதிசயம் ஒண்டுமில்ல. காத்தடங்கின ராவில கடலுக்கு மேல சூடான காத்துப் படை ஒண்டு மூடிபோலக் கிடந்து அலையக் கீழ மடக்கி அனுப்பும். விடிய அது கலைஞ்சு போயிரும்.

சும்மா_ஒருத்தன்:

இந்தக் காலத்தில ஆரு றேடியோ கேக்கிற? ஃபோன்ல ஆப் போடச் சொல்லுங்க.

படுவான்கரை_றிப்பெயர்:

கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில அங்க ஃபோன் சிக்னலும் போயிரும். வெள்ளம் வாறது அப்படியான நேரத்திலதான்.

சம்மாந்துறைக்_கடை:

தம்பி, முதல்ல காசில்லாத வேலையப் பாருங்க. றேடியோக் கம்பிய நிமித்தி ஒருக்கா, படுக்கப் போட்டு ஒருக்கா கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. புதுக் கோபுரத்தில ஏரியலப் படுக்கையாக் கட்டியிருந்தா படுக்கப் போட்டதும் தெளியும். ஸ்டீரியோ செட்டெண்டா மோனோவுக்கு மாத்துங்க, இரைச்சல் பாதிக்கு மேல குறையும்.

அதுக்கும் சரிவராட்டி டைபோல் எண்ட இரண்டு கை ஏரியல் ஒண்டு செய்யுங்க. 143 ஐ அலைவரிசை எண்ணால பிரிச்சா மொத்த நீளம் மீற்றர்ல வரும். 100 எண்டா 1.43, ஒரு கை 71 சென்ரிமீற்றர். அலுமினியக் குழாய் போதும். டிஷ்ஷுக்கு இழுக்கிற ஆர்ஜி-6 கேபிளே இதுக்கு அளவாப் பொருந்தும். கேபிளிட நடுக்கம்பிய முதலைக் கிளிப்பால றேடியோக் கம்பியில கடிக்க வைங்க, வெளிவலையப் பற்றரியிட நெகற்றிவ் தகட்டில தொடுங்க. கூரையில கிடக்கிற டீவி ஏரியலக் கொழுவாதீங்க. அதில பூஸ்டர் இரிந்தா கனதரம் அதுவே எஃப்எம்ம வெட்டிப் போடும்.

கம்பத்துக்கு இழுகம்பி கட்டாம விடவேணாம், 78 சூறாவளிய வாப்பாமார்ட்டக் கேட்டுப் பாருங்க. இடி முழங்கினா கிளிப்பக் கழட்டி வெளிய போட்டிரணும்.

ஓய்வுபெற்ற_ஒலிபரப்பு:

பொடியன்மாரிட யோசனையை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைக்க முடியாது. சட்டத்தை விடுங்கோ, மலிவுச் சாமான் அலையைச் சுத்தமாக விடாது. எஃப்எம் 108இல் முடிய, அதற்கு மேலே விமானங்கள் வழி பார்க்கவும் கதைக்கவும் பாவிக்கிற அலைவரிசைகள் தொடங்குது. அதுக்குள்ளே இரைச்சல் போனால் தேடிக்கொண்டு வருவார்கள்.

வேலையும் செய்யாது. வாங்குகிற அலைவரிசையிலேயே திருப்பி விட்டால் தன் குரலைத் தானே கேட்டு ஊளையிடத் தொடங்கும். அதனால்தான் டிரான்ஸ்லேட்டர் என்ற சின்ன அஞ்சல் கருவி ஒரு எண்ணில் வாங்கி வேறொரு எண்ணில் விடுகிறது. அமெரிக்காவில் மலை மாநிலங்களில் பொது வானொலிகள் பள்ளத்தாக்குக்கொன்றாக இப்படி வைத்துத்தான் சமாளிக்கின்றன. அங்கே அதற்கு உச்ச வரம்பே 250 வாட். கோபுரத்தை ஓரிடத்திலிருந்து கழற்றினால், அது பார்த்துக்கொண்டிருந்த பள்ளங்களுக்குச் சின்னதாக ஒன்று கட்டாயம் வைக்கவேண்டும். இங்கே அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கரையோரக் கோபுரங்களில் ஏரியலைச் சனம் செறிந்த வடக்கு, தெற்குப் பக்கமாகத் திருப்பிக் கட்டுவது வழக்கம். அப்படியென்றால் கூட்டின வலு உங்கள் பக்கம் வரவேயில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஏரியலின் உயரம், வலு, திசை மூன்றையும் கேளுங்கோ. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

படுவான்கரை_றிப்பெயர்:

டைபோல் செய்து ஒரு வீட்டில கட்டிப் பாத்தன். ரோட்டோரத்து வீடு, பரவாயில்ல, செய்தி விளங்குது. குன்றுக்குப் பின்னால உள்ள வீடுகளில கம்பத்த எவ்வளவு உயத்தினாலும் அசுமாத்தமே இல்ல. ஆனா அந்தக் குன்று மேல ஏறினா சின்ன றேடியோவிலயே நல்லா எடுக்குது.

ஓய்வுபெற்ற_ஒலிபரப்பு:

அப்ப நீங்கள் நின்ற அந்த இடம்தான் டிரான்ஸ்லேட்டருக்குரிய இடம். கரையோரக் கோபுரமும் தெரியவேண்டும், ஊர்க்கூரைகளும் தெரியவேண்டும். மிக உயர்ந்த உச்சியைத் தேடி ஓடத் தேவையில்லை. ஃபோனில் ஆள்கூறு எடுங்கோ. எந்த வீட்டில் எடுக்குது, எந்த வீட்டில் இல்லை, என்ன ஏரியல், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதி, இரைச்சலைப் பதிவு செய்து வையுங்கோ. கடிதம் வானொலிக்கு மட்டும் போனால் பாட்டுக் கேட்கிறவர்களின் குறையாகிக் கோப்பில் கிடக்கும். பிரதேச செயலாளர் மூலமாக அனுப்பி, மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் பிரதி போடுங்கோ. முதல் வரியிலேயே வான்கதவு அறிவித்தலை எழுதுங்கோ.

சம்மாந்துறைக்_கடை:

குன்றில கரண்ட் இல்லாட்டி சோலார் போதுமா எண்டும் கேட்டு எழுதுங்க தம்பி. பத்து வாட் சாமானுக்குப் பெரிய செலவு வராது. பழைய இடத்த விட்டதுக்கே கரண்டத்தானே காரணமாச் சொன்னாங்க.

படுவான்கரை_றிப்பெயர்:

ஓம் நானா, அதையும் சேக்கிறன். கடிதத்த எழுதிப்போட்டு இஞ்ச போடுறன், அனுப்ப முதல் ஒருக்காப் பாத்துத் தாங்க.