மறு: டிஃபரன்ஷியல் லாக்கர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

போன வாரம் நான் கேட்டதற்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். என்னிடம் 1998இல் வாங்கிய மாருதி ஜிப்சி கிங் ஜீப் ஒன்று இருக்கிறது. அதில் செய்த வேலைகளைப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கிற பையனும் படிக்கிற மாதிரி ஒரு குறிப்பேடாக எழுதி வருகிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ‘லாக்கர்’ என்ற சொல்லில் வந்து வண்டி நிற்கிறது. எஞ்சின் விசையை அச்சின் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரக் கூடுதான் டிஃபரன்ஷியல்; அதைப் பூட்டுகிற சாமான் லாக்கர். இதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்பதுதான் என் கேள்வி.

வந்த பதில்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> லாக்கர் என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியாது ஐயா, சோதித்தே பார்த்துவிட்டேன். “வண்டிக்கு லாக்கர் போடப் போறேன்” என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது: “வண்டியில எதுக்குடா நகையை வைக்கப் போறே?” நம் ஊரில் லாக்கர் என்றால் பேங்க் லாக்கர்தான். அந்த இடத்தை யாரும் பிடுங்க முடியாது.

> வகையீட்டுப் பூட்டு

இதற்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். வகையீடு என்பது பள்ளிக் கணக்குப் பாடத்தில் வருவது. அதற்கும் வண்டிக்கு அடியில் எண்ணெய் வழிந்து தொங்குகிற இரும்புக் குண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அகராதியை மட்டும் பார்த்துச் சொல் செய்தால் இந்த விபத்துதான் நடக்கும்.

> சில்லுப்பூட்டு

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது. ‘சில்லு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் சென்னையில் இதைப் படிக்கிறவர், நோ பார்க்கிங்கில் நிறுத்திய காருக்குப் போலீஸ்காரர் மாட்டுகிற மஞ்சள் பூட்டைத்தான் நினைப்பார்.

> அச்சுப்பூட்டு

இது கிட்டத்தட்ட சரி. ஆனால் அச்சையே பூட்டிவிட்டால் சக்கரம் சுற்றாது, வண்டி நகராது. இங்கே நடப்பது நேர் எதிர்: நகர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பூட்டே.

சரி, அது என்ன செய்கிறது? போடிப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓர் ஓடை குறுக்கிடும். லாக்கர் போடுவதற்கு முன்னால் ஒருமுறை அதில் இறங்கி ஏறும்போது வண்டி குறுக்காகத் தூக்கிக்கொண்டது. வலது முன் சக்கரம் அந்தரத்தில், இடது பின் சக்கரமும் அந்தரத்தில். ஃபோர் வீல் போட்டிருக்கிறேன், லோ கியரிலும் இருக்கிறேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் தூக்கிய இரண்டும் காற்றில் சுற்றுகின்றன, தரையில் நிற்கிற இரண்டும் கல்லு மாதிரி நிற்கின்றன. இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பின் டயர் மெதுவாகச் சுற்றி நின்றது, அதிலிருந்து ஈரமண் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஒரு கையால் அந்தச் சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் வண்டி நகர்ந்துவிடும் போலத் தோன்றியது. (அப்படி யாரும் பிடித்துவிடாதீர்கள்.)

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்துக்குக் குறைவு. அதற்கு இடம் கொடுக்கத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் அது முறுக்கு விசையை இரண்டு பக்கமும் எப்போதும் சமமாகத்தான் பிரிக்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை. ஆகவே தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே அளவுதான் போகும், அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. லாக்கர் இந்த நியாயத்தை நிறுத்திவைத்து, இரண்டு பக்கத்தையும் ஒரே தண்டு மாதிரி ஒன்றாகச் சுற்ற வைக்கிறது.

இதிலேயே மூன்று ரகம். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கரங்களை வெல்டு அடித்து நிரந்தரமாக ஒட்டிவிடுவது ஒன்று. காசு இல்லாதவன் வேலை, தார் ரோட்டில் திரும்பும்போது டயர் கத்தும். இரண்டாவது, தானே பூட்டிக்கொள்வது. வளைவில் வெளிச்சக்கரம் முந்த வேண்டியிருந்தால் கட் கட் என்று சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். மூன்றாவது, ஓட்டுகிறவர் வேண்டும்போது விசையை (சுவிட்சைச் சொல்கிறேன்) தட்டிப் பூட்டுவது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் 1987இல் ஒரு பழைய வடிவமைப்பின் உரிமையை வாங்கிப் பரப்பிய ஏர் லாக்கர் இந்த ரகம்: சின்ன கம்ப்ரசரிலிருந்து காற்று ஒரு மெல்லிய குழாய் வழியாகப் போய் உள்ளே பூட்டும். என் வண்டியில் பின்னால் போட்டிருப்பதும் காற்று ரகம்தான். இவற்றை நிலைப்பூட்டு, தன்பூட்டு, விசைப்பூட்டு என்று எழுதி வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

இப்போது என் பரிந்துரை. நாம் எல்லோரும் பூட்டு என்றதும் சாவியை நினைக்கிறோம். தமிழில் இன்னொரு பூட்டு இருக்கிறது: ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது. இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் சேர்த்து ஒன்றாக நடக்க வைப்பது. லாக்கர் சக்கரங்களுக்குச் செய்வது அதைத்தானே! சாவிப் பூட்டைத் திறப்போம், மாட்டை அவிழ்ப்போம். ஆகவே விசையின் மேல் ‘பூட்டு / திற’ என்று எழுதாமல் ‘பூட்டு / அவிழ்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. பெயர்: நுகப்பூட்டு. டேஷ்போர்டில் விசைக்குப் பக்கத்தில் இரண்டு சின்னச் சீட்டும் எழுதி ஒட்டிவிட்டேன்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங்குக்கு ‘இலை வில்’ வேண்டாம். ‘வில்’ போதும். வில்வண்டி என்று நம் தாத்தாக்கள் சொன்னது இந்தப் பட்டைகள் வைத்த மாட்டுவண்டியைத்தான். சொல் ஏற்கெனவே அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜிப்சி 1985 இறுதியில் 970 சிசியோடு வந்தபோதும், 1996இல் 1300 சிசி கிங் ஆனபோதும் நான்கு சக்கரத்துக்கும் வில்தான், அதுவும் அச்சுக்குக் கீழே. அதை எடுத்து அச்சுக்கு மேலே உட்கார வைப்பது இந்த வண்டியில் மிகவும் பேர்போன மாற்றம்; வண்டி ஏறத்தாழ 5 அங்குலம் உயர்ந்துவிடும். கீழ்வில், மேல்வில் என்று சொன்னால் பட்டறையில் உடனே புரிகிறது.

மேல்வில் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் குறிப்பேட்டில் இருக்கிறது. வில் உட்காரும் இருக்கையை அச்சுக் குழாயின் மேல்பக்கம் புதிதாக வெல்டு வைக்க வேண்டும். ஒரே மூச்சில் அடித்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். அங்குலம் அங்குலமாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு அடிக்க வேண்டும். பிரேக் ஹோஸ் நீளம் போதாது, ஸ்டியரிங் கம்பியை மாற்ற வேண்டும், அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். வண்டியின் பளுமையம் மேலே போவதால் சரிவில் கவிழ்கிற பயமும் கூடும். இத்தனையும் செய்தாலும் டிஃபரன்ஷியல் குண்டு தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 205/70 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் கணக்குப்படி 33 மில்லிமீட்டர் உயரும். ‘தரை இடைவெளி’ என்று எழுதும்போது எந்த இடத்துக்கும் தரைக்கும் நடுவில் என்பதையும் எழுதச் சொல்கிறேன்.

வண்டிக் கம்பெனி அல்லாத மற்றவர்கள் செய்து விற்கும் சாமானை ஆஃப்டர்மார்க்கெட் என்கிறார்கள்; அதற்கு ‘பின்சந்தை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊருக்குப் பின்னால் வாரச்சந்தை கூடுவது போல இருக்கிறது. கடையில் கேட்பது “கம்பெனி சாமானா, வெளிச்சாமானா?” என்றுதான். வெளிச்சாமான் என்றே வைத்துக்கொள்ளலாம். போலிக்கு ‘டூப்ளிகேட்’ என்று தனிச்சொல் இருப்பதால் குழம்பாது. இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், அதை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றினால் பதிவுச் சிக்கல் வரும். சொல் ஆராய்ச்சியில் அதை மறந்துவிட வேண்டாம்.

கடைசியாக, ஸ்டெப்னி. அதை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஒரு தெருப்பெயர் நம் ஊர் பஞ்சர் கடை வரைக்கும் வந்து தங்கிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஜிப்சிக்காரன்

———

தம்பிக்கு,

உங்கள் மடலை ரசித்துப் படித்தேன். இரண்டு இடத்தில் மாறுபடுகிறேன்.

முதலில் ஸ்டெப்னி. இருக்கட்டும், யாரும் அதைத் துரத்த வேண்டாம். ஆனால் கூடவே ‘சேமச் சக்கரம்’ என்றும் ஒரு வரி போடுங்கள். புறநானூறு 102இல் உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் ‘சேம அச்சு’, அதாவது மாற்று அச்சு, கட்டிக்கொண்டு போகிறார்கள். எந்தப் பள்ளத்தில் இறங்குமோ, எந்த மேட்டில் ஏறுமோ, யாருக்குத் தெரியும் என்பதுதான் அவ்வை சொல்லும் காரணம். உங்கள் ஓடையைப் படித்ததும் எனக்கு அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, நுகப்பூட்டு. நான் இருபது வயது வரை ஏர் ஓட்டியவன். நீங்கள் நுகத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நுகத்தடியை ஏர்க்காலோடு (கலப்பையிலிருந்து முன்னே நீளும் மரம்) நடுவில் ஒரே இடத்தில் கயிறு போட்டுக் கட்டுவோம். அந்தக் கட்டு கொஞ்சம் அசைந்துகொடுக்கும். ஒரு மாடு முந்தினால் நுகம் சாயும், மற்றது பின்தங்கி வரும். வரப்போரம் திருப்பும்போது உள்மாடு நின்ற இடத்திலேயே காலை மாற்றும், வெளிமாடு சுற்றி வரும். நுகம் அசையாமல் இருந்தால் திருப்பவே முடியாது. சேற்றில் ஒரு மாடு படுத்துவிட்டால்? மற்ற மாடு எவ்வளவு முக்கினாலும் நுகம்தான் அதன் பக்கம் திரும்பிக்கொண்டு போகும். கலப்பை நகராது. மாட்டின் கழுத்தை நுகத்தோடு கட்டிய பூட்டாங்கயிறு அறுந்ததுதான் மிச்சம்.

இது எதைப் போல இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் லாக்கர் போலவா, லாக்கர் போடாத வண்டி போலவா?

அன்புடன்

———

ஐயா, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். நுகம்தான் டிஃபரன்ஷியல்! பளுவைச் சமமாகப் பிரிக்கிறது, ஒன்று முந்த இடம் கொடுக்கிறது, ஒன்று படுத்தால் மற்றதையும் செயலற்றதாக்குகிறது. ஓடையில் என் வண்டிக்கு நடந்ததை நீங்கள் மாட்டை வைத்து அப்படியே சொல்லிவிட்டீர்கள். ஓடையில் படுத்த மாடு அந்த இடது பின் டயர்.

அப்படியானால் நான் செய்த சொல் தலைகீழ். மாட்டை நுகத்தில் பூட்டுவது என்றால் ஒன்றாக நடக்க வைப்பது என்று நினைத்தேன். சேர்ந்து நடந்தும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வைப்பது என்று இப்போது புரிகிறது. லாக்கருக்குச் சமமானது, நுகத்தடி அசையவே முடியாதபடி அதை ஏர்க்காலோடு இறுக்கிக் கட்டிவிடுவது. உழவில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். செய்தால் படுத்த மாட்டைக் கிடக்க விட்டு நிற்கிற மாடு இழுக்கும், அப்புறம் வரப்போரம் திருப்ப முடியாமல் ஏர்க்கால் முறியும். லாக்கரைப் போட்டுக்கொண்டே தார் ரோட்டில் திருப்பி, பின் அச்சுத் தண்டை முறித்தவர்கள் எனக்குத் தெரிந்து உண்டு. கணக்கு ஒத்துப்போகிறது.

ஒரு நிமிடம் ‘நுகப்பூட்டு’ என்பதையே ‘நுகத்துக்குப் போடும் பூட்டு’ என்று பொருள் மாற்றிக் காப்பாற்றிவிடலாமா என்று பார்த்தேன். ஆசைதான். ஆனால் நுகம் பூட்டுவது என்றால் ஊரில் நீங்கள் சொன்ன பொருள்தான் வரும், எதிர்ப்பொருள். விட்டுவிடுகிறேன்.

அதனால் திருத்திய பரிந்துரை: லாக்கர் – நுகக்கட்டு. நிலைக்கட்டு, தன்கட்டு, விசைக்கட்டு என்று மூன்று ரகமும் அதிலேயே வந்துவிடும். டிஃபரன்ஷியலை நுகப்பல்லிணை என்று அடைப்புக்குறியில் ஓரிடத்தில் மட்டும் சொல்லிவிட்டு, மற்ற இடத்தில் டிஃபரன்ஷியல் என்றே எழுதப் போகிறேன். பட்டறையில் அந்தச் சொல்லுக்கு யாரும் திணறுவதில்லை. சேமச் சக்கரமும் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது.

மேல்வில், வெளிச்சாமான் இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்லாததால் அவை அப்படியே போகின்றன. முன் சக்கரத்தை அச்சுத் தண்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் அதன் நடுவில் கையால் திருகுகிற ஃப்ரீவீல் ஹப்புக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தில் அந்த இடம் ‘குடம்’. குடப்பூட்டு என்றால் சமையல் கட்டு வாசனை அடிக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள். இந்தத் தடவை மாட்டை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதுதான் டேஷ்போர்டில் ஒட்டிய ‘பூட்டு’ சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ‘கட்டு’ எழுதி ஒட்ட வேண்டும். கீழே இருக்கிற ‘அவிழ்’ அப்படியே இருக்கலாம்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஜிப்சிக்காரன்