டையிங் டிரெயின் தண்ணிக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர்: பிளேட்டா, ட்யூபா?

சாஃப்ட்ஃப்ளோ_திருப்பூர் கேட்டது:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு நிட் டையிங் யூனிட்ல மெயின்டனன்ஸ் பாக்கறேன். துணிக்குச் சாயம் போடற சாஃப்ட் ஃப்ளோ மெஷின் நாலு, ஒரு விறகு பாய்லர். பிளீச்சிங்கும் சோப்பிங்கும் முடிஞ்சு டிரெயின் ஆகற சுடுதண்ணி இப்ப நேரா ஈ.டி.பி.க்கு (கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற இடம்) போயிட்டிருக்கு. ஒரு நாளைக்கு 60,000 லிட்டர் வரும். குழியில தெர்மாமீட்டர் விட்டு ஒரு வாரம் பாத்தேன், சராசரி 75 டிகிரி. அந்தச் சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல (ரெண்டு தண்ணியும் கலக்காம சூடு மட்டும் மாறற கருவி) பிடிச்சு, 30 டிகிரியில வர்ற நல்ல தண்ணியை 60-க்கு ஏத்தி மெஷினுக்கே குடுக்கலாம்னு முதலாளி சொல்றார்.

ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. ஒண்ணு பிளேட் டைப் (மெல்லிய தகடுகளை அடுக்கினது), எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316. இன்னொண்ணு ஷெல் அண்ட் ட்யூப் (பெரிய உருளைக்குள்ள குழாய்க் கட்டு), ரெண்டு பாஸ் (குழாய்த் தண்ணி போய்த் திரும்பி வரும்), எஸ்.எஸ். 304, விலையில மூணுல ஒரு பங்கு கம்மி. முதலாளி கண்ணு அந்தக் கம்மி விலை மேலதான். எனக்குப் பயம் பஞ்சு. துணியில இருந்து உதிர்ற பஞ்சு எங்க டிரெயின்ல அத்தனை வருது. அடைச்சா ராத்திரி ரெண்டு மணின்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. எதை எடுக்கறதுங்க?

கோவை_ஃபேப்ரிகேட்டர்:

ட்யூபே போடுங்க. அடைச்சா எண்ட் கவரைக் கழட்டி ராடு பிரஷ் விட்டா அரை நாள் வேலை. டிரெயின் தண்ணி ட்யூபுக்குள்ள ஓடணும், நல்ல தண்ணி ஷெல்லுல. மாத்திக் குடுத்துட்டா பஞ்சு ட்யூபுகளுக்கு நடுவுல போய்ச் சிக்கிக்கும், எடுக்கவே முடியாது.

பாய்லர்வீடு_22வருஷம்:

தம்பி, ரெண்டுக்கும் இப்ப ஆர்டர் குடுத்துடாதீங்க. மேல நம்மாளு பிரஷ் பத்திச் சொன்னது சரிதான். ஆனா உங்க கணக்குக்கு அந்த ரெண்டு பாஸ் ட்யூப் ஆகாது.

75-ல வர்றது 45-க்கு இறங்கணும், 30-ல வர்றது 60-க்கு ஏறணும். சூட்டைக் குடுத்துட்டுப் போற தண்ணி 45, வாங்கிட்டு வர்ற தண்ணி 60. ரெண்டும் முழுசா எதிரெதிரா ஓடினாத்தான் இது நடக்கும். ரெண்டு பாஸ்ல பாதி ட்யூப் எதிர்த்து ஓடும், மீதிப் பாதி கூடவே ஓடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணின்னா, பரப்பை எத்தனை கூட்டினாலும் 56 டிகிரியைத் தாண்டாது. நிஜத்துல 52, 53-லயே நின்னுக்கும். அந்தக் கொட்டேஷன்ல அவுட்லெட் டிகிரி எத்தனை போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க.

20 மணி நேரம் ஓட்டினா மணிக்கு 3,000 லிட்டர். 30 டிகிரி ஏத்த 90,000 கிலோகலோரி, அதாவது 105 கிலோவாட். ரெண்டு தண்ணிக்கும் நடுவுல 15 டிகிரி வித்தியாசம். அழுக்குப் பிடிச்ச பிளேட்டுல ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1,500 வாட் சூடு கடக்கும்னு வெச்சா 4.7 சதுர மீட்டர் வரும், நான்னா 6 கேப்பேன். ட்யூபுக்கு 700 வெச்சா 10 சதுர மீட்டர், அதுவும் ஒத்தைப் பாஸா, எதிரெதிரா ஓடற மாதிரி இருக்கணும். விறகு கிலோவுக்கு 3,000 கிலோகலோரி, பாய்லர் 65 சதவீதம்னு போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 900 கிலோ விறகு மிச்சம். இதை முதலாளி காதுல போடுங்க. விலை வித்தியாசம் எத்தனை நாள்ல திரும்பும்னு நம்மள விட வேகமா அவரே கணக்குப் போட்டுருவார். ஈ.டி.பி. ஆளுங்களுக்கும் சந்தோஷம். ஆர்.ஓ. மெம்பிரேன் 45 டிகிரிக்கு மேல தாங்காது, தண்ணியை ஆறவெக்க அவங்க படற பாடு எனக்குத் தெரியும்.

இப்ப உலோகம். நான் முன்னாடி இருந்த யூனிட்ல யாரோ பிரிச்சுப்போட்ட பழைய பிளேட் செட்டை, 304, சல்லிசா வருதுன்னு எடுத்துப் போட்டோம். எட்டு மாசம் நல்லா ஓடுச்சு. ஒருநாள் விடிகாலை வெள்ளை லாட் வெளிய வந்தா, சொட்டு நீலம் அதிகமாப் போட்ட வேட்டி மாதிரி இருக்கு. டையிங் மாஸ்டர் கெமிக்கலைத் திட்டறார், லேப்காரனைத் திட்டறார். கடைசில பிளேட்டைக் கழட்டி ஒவ்வொண்ணா ட்யூப் லைட்டுக்கு நேராப் பிடிச்சேன். பதினோராவது பிளேட்ல கேஸ்கெட் (தகடுகளுக்கு நடுவுல கசியாம அடைக்கற ரப்பர்) ஓரமா மூணு வெளிச்சப் புள்ளி, ஊசி குத்தினாப்ல. தகடே 0.6 மி.மீ. தான், உப்புல இருக்கற குளோரைடு தின்னுட்டுது. டிரெயின் தண்ணி நல்ல தண்ணியில கலந்திருக்கு. அதுல இருந்து ஒரு பழக்கம்: நல்ல தண்ணி பக்கம் பிரஷர் எப்பவும் கொஞ்சம் கூட இருக்கும்படி பம்ப்பை வெச்சுக்குவேன். ஓட்டை விழுந்தாலும் நல்லது கெட்டதுல போய்ச் சேரும், துணி தப்பிச்சுக்கும்.

அதனால உங்க டிரெயின் தண்ணியில குளோரைடு எத்தனைன்னு லேப்ல குடுத்துப் பாருங்க. சாயக் குளியல் தண்ணியை இதுல விடவே கூடாது. சாதா உப்பு லிட்டருக்கு 60 கிராம் போடற குளியல்ல குளோரைடே 36,000 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) இருக்கும். கிளாபர் சால்ட்டுன்னா (சோடியம் சல்ஃபேட்) பரவாயில்லை.

பஞ்சுக்கு: சாதா பிளேட்ல இடைவெளி 2-ல இருந்து 4 மி.மீ. தான், உங்க தண்ணிக்கு அகல இடைவெளி பிளேட்டுதான் சரி. அதுவும் முன்னாடி இரட்டை ஸ்ட்ரெயினர் (வடிகட்டி), அதுக்கும் முன்னாடி ஒரு சூட்டுத் தொட்டி இல்லாம போடாதீங்க. மெஷின் ரெண்டு டன் தண்ணியைப் பத்து நிமிஷத்துல கொட்டும், எக்ஸ்சேஞ்சர் அதை மணிக்கணக்குல சாப்பிடற ஜாதி.

ஈரோடு_பால்குளிர்:

பால் குளிரூட்டற இடத்துல வேலைங்க, தினமும் பிளேட்டோடதான் பொழப்பு. ஒண்ணு சொல்லிக்கறேன். கழுவி மாட்டும்போது கசியுதுன்னு போல்ட்டை முறுக்கிட்டே போகாதீங்க. நேம் பிளேட்ல இறுக்கற அளவு மி.மீ.ல போட்டிருக்கும், நாலு மூலையிலயும் டேப் வெச்சு அளந்துக்கிட்டே இறுக்கணும். அதைத் தாண்டினா பிளேட் நெளிஞ்சுரும். கேஸ்கெட் பசை இல்லாத கிளிப் டைப்பாக் கேளுங்க, ஒரு செட்டு என்ன விலைன்னும் இப்பவே எழுதி வாங்கிக்குங்க. வாங்கினப்புறம் கேட்டா அவங்க சொல்றதுதான் விலை. ஆசிட் வாஷுக்கு ஹைட்ரோகுளோரிக் மட்டும் வேண்டாம்ங்க, எஸ்.எஸ். போயிரும்.

சாஃப்ட்ஃப்ளோ_திருப்பூர்:

ரொம்ப நன்றிங்கண்ணா. ட்யூப் கொட்டேஷன்ல அவுட்லெட் 50 டிகிரின்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு, நாங்க யாருமே கவனிக்கலை. பிளேட்காரர்கிட்ட இடைவெளி கேட்டா "ஸ்டாண்டர்டுங்க"ன்னார். நேத்து ஒரு பிளீச்சிங் லாட்டுக்கு டிரெயின் வாயில நைலான் வலை கட்டிப் பாத்தேன். எடுத்துப் பிழிஞ்சா ரெண்டு கை கொள்ளற அளவு பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கோட.

லேப் ரிப்போர்ட்டும் வந்துருச்சு. குளோரைடு 1,400 பி.பி.எம். எப்படி இவ்வளவுன்னு நோண்டினா, சாயக் குளியலுக்குத் தனி லைன் இருக்குங்க, ஆனா வால்வைத் திருப்ப ஆப்பரேட்டர் பாதி நேரம் மறந்துடறாங்க. எல்லாம் ஒரே குழியில விழுது. 316 தாங்குமா?

பாய்லர்வீடு_22வருஷம்:

75 டிகிரியில 1,400-ன்னா தாங்காது தம்பி. 316-க்கு இந்தச் சூட்டுல சில நூறே அதிகம். ஒண்ணு டைட்டானியம் பிளேட், இல்லைன்னா அந்த வால்வு. கையால திருப்பறதை எடுத்துட்டு, மெஷின் புரோகிராம்லயே சேர்ந்து மாறற நியூமேட்டிக் வால்வு (காத்தழுத்தத்துல திரும்பறது) போடுங்க, நாலு மெஷினுக்கும். பத்து நாள் ஓட்டி மறுபடி தண்ணியைக் குடுங்க. அந்த நம்பரைக் கையில வெச்சுக்கிட்டு பிளேட்காரரைக் கூப்பிடுங்க. எண்ணெய் வருதுன்னு சொன்னீங்களே, அதையும் மறைக்காம சொல்லுங்க. ஈ.பி.டி.எம். ரப்பர் கேஸ்கெட் எண்ணெய் பட்டா உப்பிக்கும்.

சாஃப்ட்ஃப்ளோ_திருப்பூர்:

வால்வு வாங்கச் சொல்லி இண்டென்ட் போட்டாச்சுங்கண்ணா. முதலாளி விறகுக் கணக்கைக் கேட்டுட்டு, டைட்டானியத்துக்கும் ஒரு விலை வாங்கிவைன்னார்.